நெல் ஆலைக்குக் காந்தம் இறக்குமதி: ஆர்டர் தாளிலிருந்து ஆலை வாசல் வரை

அறுவடை இயந்திரத்திலிருந்து கழன்ற போல்ட், உடைந்த கத்தி முனை, சாக்கு தைக்கும் ஊசி, ஆணி, கம்பித் துணுக்கு. மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ ஒரு நெல் ஆலையின் இறக்குக் குழியில் காந்தம் வைத்தால் ஒரு சீசனில் அதில் ஒட்டுபவை இவைதான். காந்தம் இல்லையென்றால் இவை உமி நீக்கும் ஷெல்லரின் ரப்பர் உருளையில் பள்ளம் போடும், பாலிஷர் சல்லடையைக் கிழிக்கும். உமித் தூசி பறக்கும் எலிவேட்டரில் ஒரு பொறி தெறித்தால் தீதான்.

நெல்லுக்குப் பயன்படும் வலுவான காந்தக் கம்பிகளில் உள்ள நியோடிமியம் காந்தம் பெரும்பாலும் சீனாவில் செய்யப்படுவது. அதற்கு மூலமான மோனசைட் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கிறது என்பது வேறு கதை. இறக்குமதி செய்ய முடிவெடுத்தால், சுங்கத்தில் கேட்கப் போகும் கேள்விகளுக்கெல்லாம் பதில் உங்கள் ஆர்டர் தாளிலேயே இருக்க வேண்டும். அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்பதை ஆலைக்குள் காந்தம் உட்காரும் இடம் தீர்மானிக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

எந்த இடத்துக்கு எந்தக் காந்தம்

ஆலையில் காந்தம் வைக்கத் தகுந்த இடங்கள் நான்கு: இறக்குக் குழிக்குக் கீழே, ஷெல்லருக்கு முன்னால், பாலிஷருக்கு முன்னால், மூட்டை பிடிக்கும் இடத்தில்.

இறக்குக் குழியில் நெல் கனமாக, வேகமாக, வைக்கோலும் கருக்காயும் கலந்து வரும். இங்கே கம்பிக் கட்டம் வைத்தால் வைக்கோல் சிக்கி அடைத்துக்கொள்ளும். சரிவுத் தகட்டின் அடியில், பீங்கான் இனமான ஃபெரைட்டில் செய்த பெரிய தகட்டுக் காந்தம் போதும். ஃபெரைட்டின் மேற்பரப்பில் காஸ் (காந்தப் புலத்தின் அளவு) குறைவுதான், ஆனால் பெரிய கட்டியாகச் செய்தால் அதன் புலம் சில அங்குலம் வரை எட்டும். போல்ட்டையும் ஆணியையும் பிடிக்க அது தாராளம். விலையும் குறைவு, துருவும் பிடிக்காது, சூடும் தாங்கும்.

ஷெல்லருக்கும் பாலிஷருக்கும் முன்னால்தான் நியோடிமியம் கம்பிக் கட்டம் வேண்டும். நடைமுறையில் அதிகம் ஓடுவது 25 மி.மீ. விட்டமுள்ள கம்பி. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் காந்த வட்டுகளையும் இரும்பு வட்டுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி இரு முனையையும் வெல்டு அடித்திருப்பார்கள். மையத்துக்கு மையம் 50 மி.மீ. இடைவெளியில் ஒரு வரிசை, அதன் கீழே இடைவெளிகளை மறைக்கும்படி தள்ளி இரண்டாவது வரிசை. நெல்லுக்கு 25 மி.மீ. சந்து கிடைத்துவிடும், ஒவ்வொரு மணியும் ஏதாவது ஒரு கம்பியை உரசிக்கொண்டுதான் இறங்கும்.

விற்பவர்கள் 10,000 காஸ், 12,000 காஸ் என்று சொல்வது கம்பியின் மேல்தோலில், இரும்பு வட்டுக்கு நேர் மேலே, உச்சத்தில் கிடைக்கும் அளவு. ஒரு விரல்கடை தள்ளினால் அதில் சொற்பம்தான் மிஞ்சும். ஆகவே காஸ் எண்ணைத் துரத்துவதைவிட நெல் கம்பியைத் தொட்டுப் போகிறதா என்று பார்ப்பதே மேல்.

இனி வெப்பம். டெல்டாவில் பாதிப் பிரச்சினை இங்கேதான் வரும், ஏனென்றால் இங்கே புழுங்கல் ஓடாத ஆலை குறைவு. நியோடிமியம் காந்தத்தின் கிரேடில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் அது தாங்கும் சூடு. எழுத்தே இல்லாத என்35, என்42 போன்றவை 80 டிகிரி செல்சியஸ் வரை. எம் என்றால் 100, எச் என்றால் 120, எஸ்.எச். என்றால் 150. டிரையரிலிருந்து நேராக வரும் நெல்லுக்கு முன் சாதாரண என்42 கம்பியை வைத்தால், நாளாக நாளாக பலம் இறங்கும். ஆறிய பிறகும் அது திரும்பாது. ‘மட்டமான சரக்கை அனுப்பிவிட்டான்’ என்று விற்றவரைத் திட்டும் வழக்குகளில் பல இப்படி இடம் தப்பி வைத்தவை.

இரண்டு வழி உண்டு. எச் கிரேடு வாங்கலாம். அல்லது டிரையருக்குப் பின் ஆறவைக்கும் தொட்டியைத் தாண்டி, நெல் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த இடத்தில் சாதாரண கிரேடை வைக்கலாம். முடிந்தவரை இரண்டாவது வழியே நல்லது. காரணம் அடுத்த பகுதியில்.

எச் என்ற ஒரு எழுத்தும் சீன உரிமமும்

2025 ஏப்ரல் 4 அன்று சீன வணிக அமைச்சகமும் அந்நாட்டுச் சுங்கத் துறையும் ஏழு நடுத்தர, கனரக அரிய மண் தனிமங்களை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன: சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். சமேரியம் கோபால்ட் காந்தமும், டெர்பியமோ டிஸ்ப்ரோசியமோ கலந்த நியோடிமியம் காந்தமும் அதில் அடங்கும்.

சூடு தாங்குவதற்காக நியோடிமியத்தில் கலப்பதே இந்த டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும்தான். எச், எஸ்.எச். கிரேடுகளில் பெரும்பாலும் இவை இருக்கும். இருந்தால் விற்பவர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், வாங்கும் நீங்கள் இறுதிப் பயன்பாட்டுச் சான்று எழுதித் தர வேண்டும்: யார் பயன்படுத்துவது, எந்த இயந்திரத்தில், எதற்காக, வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டோம் என்ற உறுதி. பரிசீலனைக்கு 45 வேலை நாள் வரை போகலாம். ‘நெல் சுத்தம் செய்யும் காந்தக் கட்டம், இன்ன ஆலை, இன்ன ஊர்’ என்று தெளிவாக எழுதி, ஆலையின் உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, பொருத்தப் போகும் இடத்தின் படம் ஆகியவற்றையும் இணைத்தால் திரும்பத் திரும்பக் கேள்வி வராது.

இந்தத் தனிமங்கள் இல்லாத என்35, என்42 கம்பிக்கு உரிமம் வேண்டாம். ஆனால் ‘இல்லை’ என்பதை விற்பவர் தன் நாட்டுச் சுங்கத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். எனவே ஆர்டர் தாளிலேயே ‘டிஸ்ப்ரோசியம், டெர்பியம் இல்லாத கிரேடு, மூலப்பொருள் பகுப்பாய்வு அறிக்கை இணைக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். அந்த அறிக்கை பின்னால் நம் சுங்கத்திலும் கைகொடுக்கும். ஃபெரைட் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது.

எத்தனை கம்பிக்கு இறக்குமதி கட்டும்?

பத்துப் பன்னிரண்டு கம்பிக்கு வேண்டவே வேண்டாம். சுங்கப் புரோக்கர் கூலி, டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கக் கப்பல் ஏஜென்ட் தரும் கடிதம்) கட்டணம், கிடங்குக் கட்டணம் எல்லாம் சரக்கு சிறிதானாலும் குறையாது. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஆலை இயந்திரம் விற்பவர்களிடம் வாங்கிவிடுங்கள். ஃபெரைட் தகட்டையும் உள்ளூரிலேயே வாங்குவது நல்லது, கனத்துக்கு ஏற்ற கப்பல் கூலி கொடுத்துக் கொண்டுவரும் அளவுக்கு அதில் விலை வித்தியாசம் இல்லை. நாலைந்து ஆலைகள் சேர்ந்து, ஒருவர் பெயரில் நாற்பது ஐம்பது கம்பி என்று போட்டால் கட்டும். அப்போது இறக்குமதி செய்பவர் மற்றவர்களுக்கு முறையான ஜி.எஸ்.டி. பில் போட்டு விற்க வேண்டும். உரிமம் தேவைப்படும் எச் கிரேடில் மட்டும் இந்தக் கூட்டுக் கொள்முதல் கூடாது, கைமாற்ற மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே.

காலம் பார்த்து ஆர்டர் போடுவதும் முக்கியம். சம்பா நெல் ஆலைக்குள் நுழையும் ஜனவரி, பிப்ரவரியில்தான் சீனப் புத்தாண்டு வருகிறது. அங்கே ஆலைகள் வாரக்கணக்கில் மூடிவிடும். குறுவை உச்சத்தில் இருக்கும் அக்டோபர் முதல் வாரத்தில் அவர்களுக்குத் தேசிய விடுமுறை. அதன்பின் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் சமயத்தில் ஆர்டரை உறுதி செய்துவிட்டால் குறுவைக்கே பொருத்தலாம். சம்பாவுக்கு என்றால் ஆகஸ்ட் தாண்டக் கூடாது.

முன்வேலை: ஐ.இ.சி., ஏ.டி. கோட்

முதல் தடவை இறக்குமதி செய்பவருக்கு ஐ.இ.சி. எண் (இறக்குமதி, ஏற்றுமதிக்கான அடையாள எண்) வேண்டும். வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் தளத்தில் ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி எடுக்கலாம். பான் எண்ணே ஐ.இ.சி. எண்ணாக வரும். எடுத்து வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு ஒன்று: மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் தளத்தில் நுழைந்து உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் முடக்கப்படும், கப்பல் வந்து நின்ற பிறகுதான் அது தெரியவரும்.

அடுத்து, வங்கியிடம் ஏ.டி. கோட் (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக்கான அடையாள எண்) கடிதம் வாங்கி, சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவது. கும்பகோணம், திருவாரூர் போன்ற ஊர்களின் சிறு கிளைகளில் அந்நியச் செலாவணி வேலை பழக்கமிருக்காது, திருச்சியிலோ சென்னையிலோ உள்ள கிளைக்கு அனுப்பித்தான் முடிப்பார்கள். இதற்கே பத்து நாள் ஒதுக்குங்கள்.

பெயர் விஷயத்தில் கறாராக இருங்கள். நம் ஊர் ஆலைகளில் பாதி ‘ஸ்ரீ’ என்றுதான் தொடங்கும். அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் மூன்றெழுத்திலும் எழுதுவார்கள், ஐந்தெழுத்திலும் எழுதுவார்கள். ஐ.இ.சி.யில் ஒன்று, இன்வாய்ஸில் இன்னொன்று, பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) மூன்றாவது என்று வந்தால் கப்பல் கம்பெனி தாக்கல் செய்த சரக்குப் பட்டியலைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பணம் போகும், அதைவிட நாள் போகும். ஐ.இ.சி. சான்றிதழின் நகலை விற்பவருக்கு அனுப்பி, அதிலுள்ள பெயரையும் முகவரியையும் பின்கோடையும் எழுத்து மாறாமல் அப்படியே போடச் சொல்லுங்கள். பில் ஆஃப் லேடிங்கின் வரைவைக் கப்பல் புறப்படும் முன் வாங்கிப் பாருங்கள்.

விலை பேசும்போது

சி.ஐ.எஃப். சென்னை (சென்னை வரை கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த விலை) என்று விற்பவர் சொல்லும் கப்பல் கூலி சில சமயம் நம்ப முடியாத அளவு மலிவாக இருக்கும். கன்டெய்னரில் பலர் சரக்கோடு சேர்ந்து வரும் சில்லறைச் சரக்குக்கு இது ஒரு பொறி. அங்கே விட்டுக்கொடுத்த கூலியை இங்குள்ள அவர்களின் ஏஜென்ட் டெலிவரி ஆர்டர் கொடுக்கும்போது ஒன்றுக்கு மூன்றாக வசூலித்துவிடுவார், கட்டினால்தான் சரக்கு. எனவே எஃப்.ஓ.பி. விலை (அங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) கேளுங்கள், சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரை நீங்களே அமர்த்துங்கள், சென்னையிலோ தூத்துக்குடியிலோ இறங்கிய பின் வரும் எல்லாக் கட்டணங்களையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். காரைக்கால் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று தோன்றும். அங்கே ஓடுவது நிலக்கரி போன்ற மொத்தச் சரக்கு, இரண்டு மரப்பெட்டிக்கு அது ஆகாது.

பணம் 30 சதவீதம் முன்பணம், மீதி ஏற்றுமதிக்கு முன் என்பதுதான் வழக்கமான பேச்சு. மீதியைக் கொடுப்பதற்குமுன் ஒவ்வொரு கம்பியையும் காஸ் மீட்டரில் அளக்கும் காணொளியும், எடை போடும் படமும் கேளுங்கள். எடை ஏன்? நியோடிமியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.5 கிராம், ஃபெரைட் ஏறத்தாழ 5 கிராம். 25 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளம் உள்ள கம்பியின் கன அளவு சுமார் 147 கன சென்டிமீட்டர். முழுக்க நியோடிமியமும் இரும்பு வட்டும் அடைத்திருந்தால் சுமார் 1.1 கிலோ இருக்க வேண்டும். 800 கிராம் காட்டினால் உள்ளே ஃபெரைட் கலந்திருக்கிறது, அல்லது வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். இதே கணக்கைச் சுங்க அதிகாரியும் போட முடியும்: பேக்கிங் லிஸ்டில் எண்ணிக்கையும் நிகர எடையும் ஒத்துவராவிட்டால் கேள்வி வரும்.

பேக்கிங்

மரப்பெட்டி, மரத்தட்டு எதுவானாலும் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை வேண்டும். மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்ததற்கான, கோதுமைக் கதிர் படம் போட்ட பன்னாட்டு முத்திரை அது. இல்லையென்றால் தாவரப் பாதுகாப்புத் துறை தடுக்கும். பிளைவுட் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதையே கேட்டு வாங்குங்கள்.

பெட்டிக்குள் கம்பிகளைத் துருவம் எதிரெதிராக வைத்து, நடுவே ஃபோம் அட்டை கொடுத்து, பெட்டியின் ஆறு பக்கமும் மெல்லிய இரும்புத் தகடு போட வேண்டும். வெளியே கசியும் புலத்தை அந்தத் தகடு உள்வாங்கிக்கொள்ளும். கப்பலில் காந்தத்துக்கு ஆபத்துச் சரக்கு விதி கிடையாது. விமானத்தில் உண்டு. யு.என். 2807, ஒன்பதாம் வகுப்பு. பெட்டியிலிருந்து 2.1 மீட்டர் தூரத்தில் புலம் 0.002 காஸுக்குக் கீழே இருந்தால் சாதாரணச் சரக்கு. அதைத் தாண்டினால் ஆபத்துச் சரக்குப் பத்திரமும் லேபிளும் வேண்டும். 4.6 மீட்டரில் 0.00525 காஸைத் தாண்டினால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். திசைகாட்டியைக் குழப்பும் என்பதுதான் காரணம்.

அவசரம் என்று நான்கு கம்பியை விமானத்தில் வரவழைப்பவர்கள் இந்த அளவீட்டு அறிக்கையை விற்பவரிடம் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். கூரியரில் அனுப்பினால் கூரியர் கம்பெனியே ஏதோ ஒரு வகைப்பாட்டில் தாக்கல் செய்துவிடும். வரி வரவு (கட்டிய ஜி.எஸ்.டி.யை விற்பனை வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க வேண்டியவர்கள் தங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு முறையான பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) போடும்படி சரக்கு கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வகைப்பாடு: உலோகமா, உலோகம் அல்லாததா

நிரந்தரக் காந்தங்கள் 8505 என்ற தலைப்பில் வரும். உலோகக் காந்தம் 8505 11, மற்றவை 8505 19. நியோடிமியம் உலோகக் கலவை, அதனால் 11. ஃபெரைட் பார்க்க இரும்பு போலக் கறுப்பாக இருந்தாலும் அது பீங்கான் இனம், 19. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தால் இன்வாய்ஸில் தனித்தனி வரியாகப் பிரித்து, தனித்தனி எடையோடு போட வேண்டும். ‘காந்தம், 60 எண்’ என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்புவது விற்பவருக்கு எளிது, நமக்குத்தான் வினை.

கம்பிகளும் வெறும் கட்டமும் 8505இல் அடங்கும். மோட்டார், கூண்டு, சுழலும் டிரம் என்று முழு இயந்திரமாக வந்தால் 84ஆம் அத்தியாயத்தின் பக்கம் பேச்சு போகும். தானியத்தைச் சுத்தம் செய்து பிரிக்கும் இயந்திரங்களுக்கான தலைப்பு 8437. எதில் போடுவது என்பதைப் புரோக்கரோடு கப்பல் ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். இன்வாய்ஸ் விவரணையில் பொருள், காந்த வகை, கிரேடு, விட்டம், நீளம், குழாயின் உலோகம், பயன்பாடு ஆகிய ஏழும் இருந்தால் அதிகாரி படித்த மாத்திரத்தில் பொருள் கண்ணுக்குத் தெரியும்.

பில் ஆஃப் என்ட்ரி

சுங்கப் புரோக்கரை, அதாவது எல்லோரும் சி.எச்.ஏ. என்று சொல்பவரை, அந்தத் துறைமுகத்தில் தினமும் வேலை செய்பவராகப் பார்த்து அமர்த்துங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டியவை: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், உற்பத்தி நாட்டுச் சான்று, இன்ஷூரன்ஸ், கேட்டலாக், பகுப்பாய்வு அறிக்கை, உங்கள் ஆர்டர் தாள், வங்கி பணம் அனுப்பிய ஸ்விஃப்ட் நகல். எல்லாம் சுங்கத்தின் ஆவணத் தளமான இ-சஞ்சித் வழியாக ஸ்கேன் செய்து ஏற்றப்படும், தாள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். 30 நாள் முன்னதாகவே போடலாம். தாமதித்தால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். பொங்கல் விடுமுறையில் ஆவணம் அனுப்ப மறந்தால் ஒரு கம்பிக் கட்டத்தின் விலையே இதில் போய்விடும்.

வரிக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்போம். எஃப்.ஓ.பி. மதிப்பு 4,00,000 ரூபாய், கப்பல் கூலி 40,000. இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்கவில்லையென்றால் எஃப்.ஓ.பி.யில் 1.125 சதவீதம் என்று விதியே எடுத்துக்கொள்ளும்: 4,500. ஆக, வரிக்கான மதிப்பு 4,44,500. அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம் என்று கொண்டால் 33,337.50. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 3,333.75. இவை மூன்றும் சேர்ந்த 4,81,171.25இன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கும் போடப்படும் ஜி.எஸ்.டி.) 18 சதவீதம், 86,610.83. கட்ட வேண்டியது மொத்தம் 1,23,282 ரூபாய், அதாவது மதிப்பில் சுமார் 27.7 சதவீதம். வீதங்கள் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், தாக்கல் செய்யும் நாளின் வீதத்தைப் புரோக்கரிடம் எழுத்தில் வாங்குங்கள். டாலர் மதிப்பும் வங்கியில் நீங்கள் கொடுத்த வீதம் அல்ல, சுங்க வாரியம் அறிவித்த வீதம்.

கப்பல் கூலிக்கு ரசீது காட்ட முடியாவிட்டால் எஃப்.ஓ.பி.யில் 20 சதவீதம் என்று போட்டுவிடுவார்கள். மேலே உள்ள கணக்கில் 40,000 என்பது 80,000 ஆகிவிடும். ஃபார்வர்டர் பில்லைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

ஐ.ஜி.எஸ்.டி.தான் வரவாகத் திரும்பி வருமே என்று எண்ணுபவர்கள் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. லேபிள் ஒட்டி 25 கிலோ வரையிலான பையில் விற்றால் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அந்த ஆலைக்கு வரவும் உண்டு. 26 கிலோ பையாகப் போட்டு வரி இல்லாமல் விற்கும் ஆலைக்கு அந்த விற்பனையின் விகிதத்துக்கு வரவு கிடைக்காது. மேலே சொன்ன 86,611 ரூபாய் அப்படியே செலவில் சேரும். இறக்குமதி கட்டுமா கட்டாதா என்ற கணக்கையே இது புரட்டிப்போடும்.

ஜப்பானிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வாங்கி, வர்த்தக ஒப்பந்தத்தின்படி வரிச் சலுகை கேட்டால், வெறும் உற்பத்திச் சான்று போதாது. 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள கரோட்டர் விதிப்படி, சரக்கு எப்படி அந்த நாட்டுப் பொருளாகிறது என்ற விவரத்தையும் இறக்குமதி செய்பவரே வைத்திருக்க வேண்டும். சீனக் காந்தத்தை வாங்கிக் குழாயில் அடைத்து அனுப்பியிருந்தால் சலுகை நிற்காமல் போகலாம்.

சோதனையும் கிடங்கும்

பல சரக்குகள் கணினியின் இடர் மதிப்பீட்டிலேயே சோதனை இல்லாமல் போய்விடும். புதிய இறக்குமதியாளர், புதிய பொருள் என்றால் பெட்டியைத் திறக்கச் சொல்லும் வாய்ப்பு அதிகம். பொருள் வந்திருப்பது சரிதானா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால், வரி மதிப்பிடும் முன்பே சோதிக்கும்படி முதலில் கேட்டுவிடலாம். இரண்டு நாள் கூடுதலாகும், ஆனால் தவறான அறிவிப்பு என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்பலாம். சுங்கச் சட்டத்தில் அது பறிமுதல், அபராதம் வரை போகும் விஷயம்.

கிடங்கில் பெட்டியைத் திறப்பவர் இரும்புக் கடப்பாரையோடு வருவார். வலுவான கம்பி அதைக் கையிலிருந்து பிடுங்கி இழுக்கும், இடையில் விரல் இருந்தால் நசுங்கும். காந்தமும் மோதிய வேகத்தில் சிதறக்கூடும், நியோடிமியம் கண்ணாடி போல உடையும் பொருள். பெட்டியின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘வலுவான காந்தம், இரும்புக் கருவி கூடாது, பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் நெருங்க வேண்டாம்’ என்று ஒட்டச் சொல்லுங்கள். புரோக்கரின் ஆளிடம் ஒரு மர ஆப்பும் கனத்த தோல் கையுறையும் கொடுத்து அனுப்புங்கள். எடை போடும்போதும் கவனம்: இரும்புத் தட்டுள்ள மின்னணுத் தராசில் காந்தப் பெட்டி ஒட்டிக்கொண்டு தவறான எடை காட்டும். நடுவே அரை அடி மரக்கட்டை வைத்து, அதன் எடையைக் கழிக்க வேண்டும்.

பெட்டி உடைந்தோ நனைந்தோ இருந்தால் கிடங்கை விட்டு வெளியே வரும் முன்பே குறிப்பு எழுதி வாங்கி, படம் எடுத்து, இன்ஷூரன்ஸ் சர்வேயரைக் கூப்பிட வேண்டும். லாரியில் ஏற்றிய பிறகு கேட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மதிப்பிட்டுத் திருப்பப்பட்ட பில் ஆஃப் என்ட்ரிக்கு ஒரு வேலை நாளுக்குள் வரி கட்ட வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கட்டியதும் அவுட் ஆஃப் சார்ஜ், அதாவது சரக்கை எடுத்துச் செல்லச் சுங்கத்தின் அனுமதி. பில் ஆஃப் என்ட்ரி எண்ணை வைத்து இ-வே பில் எடுத்துவிட்டு லாரியை அனுப்புங்கள். பில் ஆஃப் என்ட்ரியின் நகலை வங்கிக்கும் கொடுத்து, அனுப்பிய முன்பணத்தோடு கணக்கு நேர் செய்யச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த தடவை பணம் அனுப்பப் போகும்போது வங்கி கையை விரிக்கும்.

ஆலையில் இறக்கியதும்

மர மேசையில் வைத்துத் திறங்கள். இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்திப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் காஸ் மீட்டரில் மூன்று இடத்தில் அளந்து, விற்பவர் அனுப்பிய காணொளியின் எண்ணோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பலம் குறைந்ததா என்று பார்க்க அந்தத் தாள்தான் அளவுகோல்.

வெல்டு சோதனைக்கு ஓர் அகலமான அண்டாவில் 60 டிகிரி வெந்நீர் போதும். கம்பியை முழுக அமிழ்த்தி முனைகளைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஓட்டை இருந்தால் முனையிலிருந்து ஊசி போலக் குமிழி வரிசையாக ஏறும். அந்தக் கம்பியைப் பொருத்தவே கூடாது. அவியல் ஆவியும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றும் அந்த ஓட்டையில் நுழைந்தால் உள்ளே காந்தம் துருப்பிடித்து உப்பும், குழாய் பிளக்கும், தூள் அரிசியில் கலக்கும்.

கூண்டைத் துருப்பிடிக்காத எஃகிலேயே செய்யுங்கள், சாதாரண இரும்பில் செய்தால் கம்பியின் புலத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கும். ஷிஃப்டுக்கு ஒருமுறை துடைக்கும்போது எடுத்த இரும்பைக் கீழே தட்டாமல் டப்பாவில் போடச் சொல்லுங்கள். கீழே தட்டியது மறுபடி நெல்லோடுதான் சேரும்.

கசியும் கம்பிக்கு விற்பவர் இலவசமாக மாற்று அனுப்புவார். அதற்கும் இன்வாய்ஸில் உண்மையான மதிப்பைப் போடச் சொல்ல வேண்டும், ‘மதிப்பு இல்லை’ என்று எழுதி வந்தால் சுங்கம் ஏற்காது. மாற்றுக்கும் வரி உண்டு என்பதால், ஒரு நூறு கம்பிக்கு இரண்டு மூன்று கம்பி உதிரியாக முதல் சரக்கிலேயே விலையோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வது மலிவு.